அந்தக் காட்சியில் அம்மா இல்லை

அன்று நான் உன்னிடம் சொல்லாதவை இவை. எனக்குக் கேட்டது, தம்பி. நீ படத்தைப் பற்றிப் பேசவில்லை என்று புரிந்தது. கணினியை மூடிவிடுகிறேன், உட்கார், முதலிலிருந்து சொல். இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீளமா இருக்கு தம்பி, ரெண்டு வரியில நிக்காது. அந்த 'அம்மா'வை எடுத்துடு" என்றேன்.

நாளைக் காலை நீ இந்த வீட்டை விட்டுப் போகிறாய். எதிரே உட்கார்ந்து பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவோடும் நான் அப்படித்தான். முக்கியமான எதையும் ஃபிரிட்ஜின் மேல் ஒட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். நீ படித்துச் சரி என்றால் மட்டுமே இது வெளியே போகும். உன் பெயரோ என் பெயரோ இதில் இருக்காது. வெளியே போகவேண்டும் என்று நான் நினைப்பதற்கு ஒரே காரணம்தான். ஏதாவது ஒரு கோயிலில் ஏதாவது ஒரு வரிசையில் என்னைப்போல ஒருத்தி, எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவள் படிக்கட்டும்.

அவளுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். நீ பாதிரியாராவதற்காகக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். திருத்தொண்டர் பட்டத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. குருவாவதற்கு முந்தைய படி அது. வாழ்நாள் முழுவதும் மணம் செய்துகொள்வதில்லை என்ற வாக்கை அன்றுதான் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பாக விடுமுறையில் கிள்ளான் வீட்டுக்கு வந்திருந்தாய். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் படங்களுக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து படம் வரும், ஆங்கில வசனமும் கூடவே வரும். நடிகர் வாயைத் திறந்து மூடுவதற்குள் பார்ப்பவர் படித்து முடிக்கும்படி, அதை இரண்டு வரிக்குள் தமிழாக்க வேண்டும். நீட்டிச் சொல்பவர்களை நம்பாமல்போகும் பழக்கம் இந்த வேலையில் வந்துவிடும்.

அந்த வாரம் எனக்கு வந்தது ஒரு பாதிரியாரின் கதை. குளிர்ந்த கடலோர ஊர். கோயிலின் பழைய ஆர்கன் வாத்தியத்தைப் பழுதுபார்க்க வருகிறவன்மேல் அந்தப் பாதிரியாருக்குக் காதல் வருகிறது. இந்த நாட்டில் எந்தத் திரையிலும் அது வராது. வெளியே இருக்கும் தமிழர்களுக்காக எழுதச் சொல்லியிருந்தார்கள். கோயில் சொற்கள் நிறைய இருந்ததால், வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். இப்போது யோசித்தால், சொற்கள் ஒரு சாக்காகவும் இருந்திருக்கலாம். அதை நான் அன்று எனக்கே ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

மத்தியானம். வெளியே மழை. அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பகல் ஷிஃப்ட். நீ முறுக்குத் தின்றுகொண்டே என்னைக் கிண்டல் செய்தாய். "ம்மா, 'பாவசங்கீர்த்தனம்'னு போட்டா ஸ்கிரீனே பத்தாது லா. பாவமன்னிப்புன்னா போதாதா? இப்ப யாரு அப்படிச் சொல்றா?"

"நாங்க சொன்னோம்லா."

"நீங்க பழைய ஏற்பாடு."

"உனக்கும் எனக்கும் பத்தொம்போது வயசுதான் வித்தியாசம். வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

சிரித்தாய். கொமுட்டர் ரயிலில் நம் இருவரையும் அக்கா தம்பி என்று நினைத்த ஒரு மலாய்க்கார ஆன்டியைப் பற்றிப் பேசினோம். அப்படிச் சிரித்துக்கொண்டே அந்தக் காட்சிக்கு வந்தோம். பாதிரியார் தன் ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, எதிரே நிற்கிறார். அறையில் வேறு யாரும் இல்லை. ஆயர் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார். பாதிரியார் சின்னதாக ஒரு வாக்கியம் சொல்கிறார், மறைத்து வாழ்ந்து களைத்துவிட்டேன் என்ற அளவில். எனக்குச் சரியாக வரவில்லை. நிறுத்தி, நீ சொல்லேன் என்றேன்.

நீ முறுக்கைத் தட்டில் வைத்தாய். கையைத் துடைத்தாய். திரையைப் பார்த்தபடியே, எழுத்துத் தமிழில் இல்லாமல் பேச்சில் சொன்னாய்: "கடவுள்கிட்ட நான் ஒண்ணும் மறைக்கல. அவருக்குத் தெரியும். உங்ககிட்ட மறைச்சு மறைச்சுத்தான் களைச்சுப் போயிட்டேன், அம்மா."

அந்தக் காட்சியில் அம்மா இல்லை. படம் முழுக்கவே இல்லை. அந்தப் பாதிரியாரின் தாய் கதை தொடங்கும் முன்பே இறந்துபோனவள். அதுவரை பத்து முறையாவது அந்தக் காட்சியைப் பார்த்திருந்த எனக்கு அது தெரியாதா? நடிகர் சொன்னதைவிட மூன்று மடங்கு நீ சொன்னாய், அவர் கூப்பிடாத ஒருத்தியைக் கூப்பிட்டாய். அந்த நொடியில் நான் வெறும் வசனவரி எழுதுபவளாகிவிட்டேன். வரியைச் சுருக்கும்போது முதலில் போவது அழைப்புச் சொற்கள்தான். அண்ணே, அக்கா, சார், அம்மா எல்லாம் போய்விடும். யாரிடம் பேசுகிறார் என்பதுதான் திரையிலேயே தெரிகிறதே என்று, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அப்படித்தான் உன் வாக்கியத்திலிருந்து என்னை எடுத்தேன்.

நீ தட்டிலிருந்த முறுக்கை டப்பாவில் போட்டு மூடினாய். பிறகு, "ஓகே லா, நீங்கதானே பாஸ்" என்று எழுந்து போய் எனக்கு மைலோ கலக்கி வந்தாய். நான் பாதிரியாருக்கு, 'மறைத்தே களைத்துவிட்டேன்' என்று எழுதினேன். ஒரே வரி. நன்றாகவே இருந்தது. மறுநாள் நீ ரயிலேறினாய்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. உனக்குப் பதினைந்து வயதில் டியூஷனில் ஒரு கூட்டாளி இருந்தான், விக்கி. அவனுடைய அப்பாவுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்து டெங்கிலுக்குக் குடிபோனபோது நீ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா, "எக்ஸாம் டென்ஷன், மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் குடு" என்றார். ஒரு சனிக்கிழமை உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு டெங்கில் போனேன். சாலையோரக் கடையில் நான் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில், ஒரே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்து, பேசாமல் தின்றுகொண்டிருந்தீர்கள். சோற்றின் மேலிருந்த பாதி முட்டையை அவன் உன் பக்கம் தள்ளினான். நீ அதைத் திருப்பித் தள்ளினாய். அவ்வளவுதான் நடந்தது. நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் திறந்துகொண்டேன். நிறையப் படிக்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்று எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. திரும்பி வரும்போது, "நல்ல பையன்" என்றேன். நீ "ம்" என்றாய். இரண்டு வருடம் கழித்துக் குருமடத்துக்குப் போகிறேன் என்றபோது, சந்தோஷப்பட்டவர்களில் நானும் இருந்தேன். இனி யாரும் உனக்குப் பெண் பார்க்கச் சொல்லமாட்டார்கள், எனக்கும் எதையும் கேட்கவேண்டிய அவசியமில்லை என்ற நிம்மதி அதில் எவ்வளவு இருந்தது என்று இப்போது எடைபோட எனக்குத் தெம்பில்லை. உனக்கு உண்மையாகவே அழைப்பு இருந்தது என்பதையும் நான் நம்புகிறேன். பூசைக்கு உதவும் பீடச் சிறுவனாக நின்ற நாளிலிருந்து, மணி அடிக்கும்போது உன் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே பிள்ளைக்குள் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பேசவிடாமல் வைத்திருந்தவர்களில் நான் முதல் ஆள்.

பிறகு அறிவிப்பு ஞாயிறுகள் வந்தன. பட்டம் பெறப் போகிறவரின் பெயரை அவருடைய சொந்தப் பங்கில் மூன்று ஞாயிறு வாசிப்பது நம் கோயில் வழக்கம். கல்யாண ஓலை வாசிப்பதுபோலத்தான். முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உன் முழுப்பெயரும், அப்பா பெயரும், என் பெயரும் ஒலிபெருக்கியில் வந்தன. பிறகு அந்த வாக்கியம்: இவர் பட்டம் பெறுவதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா புதுச்சட்டை போட்டிருந்தார். முன்வரிசை ரோஸ்லின் ஆன்டி, பாடகர் குழுவையே விலைக்கு வாங்கியவர்போல நடந்துகொள்வாரே, அவர் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு வருஷம்தான், அப்புறம் ஃபாதர். நீ குடுத்துவச்சவ லா. என் பையன் இருக்கானே, ஞாயித்துக்கிழமை கட்டிலை விட்டே எழுந்திரிக்க மாட்டான்."

அப்பா குறுக்கே வந்தார். "ஆன்டி, எனக்கு ஒரே டவுட். வீட்டுல ஏற்கெனவே ஒரு ஃபாதர் இருக்கேன். நாளைக்கு அவனை நான் என்னன்னு கூப்பிடுறது?"

"நீங்க முழங்கால் போட்டுக் கூப்பிடணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அதைத் துறைமுகத்தில் எல்லா லோரிக்காரர்களிடமும் சொல்லியிருந்தார். மண்டபம் பேசிவிட்டார். பிரியாணிக்கு ஆள் சொல்லிவிட்டார். நான் உன் அங்கிக்கு வெள்ளைத் துணி வாங்கி, வெட்டாமல் வைத்திருந்தேன். இரண்டாம் ஞாயிறும் அதே வாக்கியம் வந்தது. இந்த முறை நான் சிரிக்கவில்லை. கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது தடையா? அதைப் போய்ச் சொன்னால் நான் நல்ல கத்தோலிக்கப் பெண்ணா, பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவளா? சொல்லாவிட்டால்? உன் வாழ்நாள் முழுவதும் நீ மறைக்கப்போவதற்கு, நானும் ஒரு மூடிய கதவாக நிற்கவேண்டும். பாட்டுப் பாடும்போது எனக்குக் குரல் வரவில்லை. அப்பா, "தொண்டை கட்டிருச்சா?" என்று மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சரோஜா அக்கா என் வசனவரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே அங்கு சேர்ந்தவர், திருநீறு பூசாமல் கணினியைத் தொடமாட்டார். பாதிரியார் ஆயரிடம் பேசும் அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். "அழகா வந்திருக்கு. ஆனா யாருக்கிட்ட பேசுறான் இவன்? அந்தப் பெரிய சாமி ஜன்னலைல்ல பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"அவருகிட்டத்தான் கா."

"கேக்கலியோ அவருக்கு?"

"கேட்டுச்சு" என்றேன். அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தேன். கீழே பூக்கடையில் யாரோ மாலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உனக்கு வகுப்பு முடியும் நேரம் எனக்குத் தெரியும். முதல் முறையே எடுத்தாய்.

"என்ன ம்மா, இந்த நேரத்துல? அப்பாவுக்கு ஏதும்...?"

"அப்பா நல்லா இருக்காரு. அன்னிக்கு ஒரு வரி சொன்னியே தம்பி. நான் வெட்டிட்டேன்ல."

 உனக்குப் பின்னால் யாரோ பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

"படத்துல அதைத் திரும்பப் போட முடியாது. படத்துல அம்மா கிடையாது. ஆனா நான் இருக்கேன். எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்கே கேட்டுச்சு."

நீ அழுதாய். நான் படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு நீ பேசிய விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு தெளிவாக யோசித்து வைத்திருந்தாய். "ம்மா, கல்யாணம் இல்லாம இருக்கறதுக்கு நான் பயப்படல. அது என்னால முடியும்னுதான் நெனைக்கிறேன். ஆனா பட்டம் குடுக்க ஆயர் என் தலையில கை வைக்கிறப்போ, யாரு தலையில வைக்கிறோம்னு அவருக்குத் தெரியாது. அதான் முடியல."

"சொன்னா அனுப்பிடுவாங்களா?"

"அனுப்பலாம். அனுப்புவாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"சொல்லலன்னா?"

"யாருக்கும் தெரியாது. உங்களைத் தவிர."

அப்போது நான் சொன்னதற்காக மட்டும் எனக்கு வருத்தம் இல்லை. "ரெண்டு ஞாயிறு உன் பேரை வாசிச்சாங்க. தடை தெரிஞ்சவங்க சொல்லணுமாம். நான் யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. எனக்கு உன்கிட்ட ஒரு தடையும் தெரியல."

"நீங்க சொன்னா பத்தாது ம்மா" என்றாய். "நான் போய்ச் சொல்லணும்."

போய்ச் சொன்னாய். குருமட அதிபர் உன்னைத் திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை என்றாய். டீ ஊற்றிக் கொடுத்து, முழுவதையும் கேட்டு, நீண்ட நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். ஆயரிடம் பேசிவிட்டு, இப்போதைக்குப் பட்டம் வேண்டாம், வெளியே போய் இரு, ஜெபி என்றார்களாம். இப்போதைக்கு என்பதற்கு எத்தனை வருடம் என்று நீ கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பைகளோடு வந்து, அப்பா ஷிஃப்ட் முடிந்து குளித்து உட்காரும்வரை காத்திருந்து, அவரிடம் நீயே சொன்னாய். அவர் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காலணியைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது நீ ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய், வாடகைக்கு அறை பார்த்திருக்கிறாய். பிள்ளைக்குப் புத்தி சொல்லி அனுப்பவேண்டிய இடம் இது. என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை, தம்பி. களைப்பாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. நீ யார் என்பதை எல்லோரிடமும் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் உனக்கு இல்லை. இந்த ஊரில் அதற்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், தைரியம் காட்டவேண்டிய இடம் அதுவல்ல என்று தோன்றினால் அங்கே காட்டாதே. எனக்காகத் தைரியமாக இருக்கவே வேண்டாம். ஜெபிக்க முடியாத நாளில் கோயிலின் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வா. மறுபடி குருமடத்துக்குப் போகவேண்டும் என்று தோன்றினால் போ. வேறு வாழ்க்கை வேண்டும் என்று தோன்றினால் அதையும் எனக்குச் சொல், ஏற்கெனவே வெட்டிச் சுருக்கி எடுத்துவராதே, நீளமாகவே சொல். யாரையாவது வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும் என்றால் கூட்டி வா, சமைக்கிறேன். முதல் தடவை அப்பா ஷிஃப்டில் இருக்கும் நாளாகப் பார்த்து வா என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்குப் புரியாதவை இன்னும் இருக்கின்றன. நான் வளர்ந்த கோயில் சொல்வதும் நீயும் எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல நடிக்கமாட்டேன், அவ்வளவுதான் என்னால் கொடுக்க முடிந்த வாக்கு. அங்கிக்கு வாங்கிய வெள்ளைத் துணியில் உனக்கு இரண்டு தலையணை உறை தைத்திருக்கிறேன். நல்ல துணி, வீணாக்க மனம் வரவில்லை. பெட்டியின் அடியில் இருக்கின்றன.

மூன்றாம் ஞாயிறு நாம் மூன்று பேரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்தோம், நடுவில் நான். மறைக்கல்வி வகுப்பு, திருவிழாக் கூட்டம், கார் நிறுத்துமிடம் பற்றியெல்லாம் வாசித்தார்கள். உன் பெயரை வாசிக்கவில்லை. ரோஸ்லின் ஆன்டி மெதுவாகத் திரும்பி உன்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் பார்த்தார்கள். அப்பா, சத்தம் போடாமல், "ஆன்டி, பீடம் முன்னால இருக்கு" என்றார். அவர் திரும்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் அப்பா மண்டபத்துக்குப் போன் செய்து, வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருக்கிறார்கள். "மவன் வீட்டுக்கு வந்துட்டான்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. நான் சமையலறையிலிருந்து கேட்டேன். உன்னோடு அவர் இன்னும் பேசவில்லை.